வேற என்ன சொல்ல?

அவருடைய கடையைப் பெட்டிக்கடை என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். சொல்லிவிட்டு ஒரு சிரிப்பும் சிரிப்பார்கள். ஏனென்றால் அது மிட்டாயும் தீப்பெட்டியும் விற்கிற பெட்டிக்கடை இல்லை. பெட்டியையே விற்கிற கடை. சக்கரம் வைத்த பெட்டி, இழுத்தால் கைப்பிடி நீளுகிற பெட்டி, மாடியிலிருந்து போட்டாலும் உடையாது என்று சொல்லி அவர் தரையில் ஓங்கி அடித்துக் காட்டுகிற பெட்டி. அடித்துக் காட்டுவதற்கென்றே ஒன்றைத் தனியாக வைத்திருந்தார். அது உண்மையிலேயே உடையாது. விற்பனைக்கும் கிடையாது.

பிழைக்க வந்த ஊரில் இருபத்தாறு வருஷம் கடை நடத்தியவருக்கு மனிதர்களைப் பற்றி ஒன்றிரண்டு விஷயம் தெரியாமல் இருக்குமா? முக்கியமாக, வாசலில் நிற்கிற மனிதர்களைப் பற்றித் தெரியும். வாடிக்கையாளர் உள்ளே வருவார். ஏழு பெட்டியைத் திறந்து மூடுவார். ஜிப்பை இப்படியும் அப்படியும் இழுப்பார். விலையைக் கேட்டதும் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார். கடைசியில் வாசலில் நின்று, "இருங்க, பாத்துட்டு வரோம்" என்பார். அவ்வளவுதான், அந்த ஏழு பெட்டியையும் தூக்கி மேலே அடுக்கிவிடலாம். நிஜமாகவே வரப்போகிறவர் சொல்லிக்கொள்ள மாட்டார். நாலு கடை ஏறி இறங்கிவிட்டு அசடு வழிய வந்து நிற்பார். "வரோம்னு சொல்லிட்டுப் போனவங்க எல்லாரும் வந்திருந்தா நான் இந்நேரம் மூணு மாடி கட்டியிருப்பேன்" என்பது அவர் தினமும் சொல்லுகிற ஜோக். மனைவிக்குக் காது புளித்துப்போன ஜோக்.

இவ்வளவும் தெரிந்த மனிதர்தான் அந்தத் தப்பைச் செய்தார். தெரியாமல் செய்திருந்தால் இப்படி அரித்திருக்காது.

கடையோடு அவருக்கு இன்னொரு வேலையும் இருந்தது. தமிழ் மட்டும் தெரிந்த யாராவது அடைக்கலம் கேட்டு வந்தால், குடிவரவு அலுவலகத்திலிருந்து பெட்டிக்கடைக்காரருக்கு அழைப்பு வரும். வந்தவர் சொல்வதை அதிகாரிக்கும், அதிகாரி கேட்பதை வந்தவருக்கும் மாற்றிச் சொல்ல வேண்டும். அந்த ஊர் மொழியை அவர் பள்ளிக்கூடத்தில் படித்தவரில்லை. பேரம் பேசியே படித்தவர். இலக்கணம் கொஞ்சம் நொண்டும். ஆனால் எந்த வார்த்தைக்கு என்ன எடை என்று தெரியும். கழுத்தில் மாட்டிக்கொள்ள ஓர் அட்டை கொடுத்திருந்தார்கள். அதில் அவர் படம், தும்மல் வருவதற்கு முந்தின நொடியில் எடுத்த மாதிரி இருக்கும். அட்டையை மாட்டிக்கொண்டால் அவர் நடையே மாறிவிடுகிறது என்பது மனைவியின் கட்சி. "கடையில இருந்தா என் வீட்டுக்காரர். அட்டையை மாட்டினா கவர்ன்மென்ட்டு" என்பாள்.

அந்த அட்டைக்கு அப்போது ஒரு சின்ன ஆபத்து வந்திருந்தது. முந்தின மாதம் ஒரு விசாரணையில் யாரோ ஒருவன் "மாமா" என்று சொல்லப்போக, இவர் உற்சாகமாகி, மாமா என்றால் அம்மாவின் தம்பியாக இருக்கலாம், மாமனாராக இருக்கலாம், அத்தையின் புருஷனாக இருக்கலாம், வழி கேட்டால் காட்டுகிற முன்பின் தெரியாத மனிதராகவும் இருக்கலாம் என்று கால் மணி நேரம் வகுப்பெடுத்துவிட்டார். அடுத்த வாரமே கடிதம் வந்தது. சொன்னதை மட்டும் சொல்லவும், விளக்கம் வேண்டாம், மறுபடி இப்படி நடந்தால் அட்டை திரும்பப் பெறப்படும்.

அந்தக் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அவர் அலுவலகத்துக்குப் போன ஒரு செவ்வாய்க்கிழமைதான் அந்தத் தையல்காரப் பெண் வந்து உட்கார்ந்தாள்.

ஜன்னல் இல்லாத அறை. தரையோடு திருகாணி போட்டு முடுக்கிய மேஜை. அழுகிறவர்களுக்காக ஒரு காகிதக் கைக்குட்டைப் பெட்டி, அது காலி. நடுவில் ஒலிப்பதிவுக் கருவி, அதில் ஒரு சிவப்புப் புள்ளி. எதிரில் அதிகாரி, யோசிக்கும்போதெல்லாம் பேனாவின் தலையை டிக் டிக் என்று அமுக்குகிற பழக்கம் அவருக்கு.

அவளுக்கு முப்பது, முப்பத்திரண்டு வயது இருக்கும். துணி தைக்கிற தொழிற்சாலையில் காலர் தைக்கும் மெஷினில் பதினோரு வருஷம் உட்கார்ந்தவள். ஒருநாள் அங்கே தீப்பிடித்தது. பின்கதவு வெளியே பூட்டியிருந்தது. ஒன்பது பெண்கள் செத்துப்போனார்கள். கதவு திறந்துதான் இருந்தது, பதற்றத்தில் அவர்களுக்குத் தள்ளத் தெரியவில்லை என்றார் முதலாளி. பூட்டியிருந்தது, பூட்டை என் கண்ணால் பார்த்தேன் என்று விசாரணையில் இவள் ஒருத்திதான் சொன்னாள். சொன்ன இரண்டாவது வாரம் நாலு பேர் வீட்டுக்கு வந்தார்கள். அடிக்கவில்லை, திட்டவில்லை. இவளும் எட்டு வயது மகளும் உள்ளே இருக்க, வெளியே ஒரு பூட்டைப் போட்டுவிட்டுப் போனார்கள். அதே மாதிரிப் பித்தளைப் பூட்டு. விடிந்த பிறகு பக்கத்து வீட்டுக்காரர்கள் உடைத்தார்கள். போலீசுக்குப் போனால், "பூட்டுதானே போட்டாங்க, பத்திரமாத்தானே இருந்தீங்க" என்று சிரித்தார்கள். மகளை அக்காவிடம் விட்டுவிட்டு, கையில் ஒரு துணிப்பையோடு புறப்பட்டு வந்துவிட்டாள்.

இவ்வளவையும் பெட்டிக்கடைக்காரர் ஒரு நூல் பிசகாமல் மாற்றிச் சொன்னார். மணி பன்னிரண்டே முக்கால் ஆயிற்று. ஒரு மணிக்குக் கடைக்கு ஒரு பார்ட்டி வருகிறது. குடும்பத்தோடு பயணம், ஒரே மாதிரி பன்னிரண்டு பெட்டி. அவருடைய பாதி மனசு எழுந்து கடைக்குப் போய் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் அதிகாரி கேட்டார்: "புறப்படும்போது உங்கள் மகளிடம் என்ன சொன்னீர்கள்?"

அவள் மேஜையின் திருகாணியைப் பார்த்தாள். "போயிட்டு வரேன்னு சொன்னேன்." பிறகு, "வேற என்ன சொல்ல?" என்றாள்.

பெட்டிக்கடைக்காரர் அந்த ஊர் மொழியில் சொன்னார்: "'போய்விட்டுத் திரும்பி வருவேன்' என்று சொன்னேன்."

அதோடு நிறுத்திவிட்டார். மிச்சம் இருந்த மூன்று வார்த்தையை விட்டுவிட்டார். அது பதில் இல்லையே, பெருமூச்சு மாதிரி ஒன்றுதானே என்று தோன்றியது. சொன்னால் 'என்ன அர்த்தம்' என்று கேட்பார், விளக்க வேண்டிவரும், விளக்கினால் அட்டை போகும், மணி வேறு ஆகிறது. இத்தனையும் அவர் மண்டைக்குள் ஒரு விநாடியில் ஓடி முடிந்தது.

டிக் என்றது பேனா. அதிகாரி எழுதினார். கடைக்காரனுக்குத் தலைகீழாகப் படிக்கத் தெரியும். வாடிக்கையாளர் கையில் இருக்கிற பட்டியலை எதிரில் நின்றே படித்துப் படித்து வந்த வித்தை. படித்தார். 'திரும்பிச் செல்லும் எண்ணம் உள்ளது.' எழுதி, கீழே ஒரு கோடும் போட்டார் அதிகாரி.

பெட்டிக்கடைக்காரர் வாயைத் திறந்தார். அப்புறம் மூடிக்கொண்டார்.

வெளியே வந்ததும் அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். "நீங்க இருந்ததுதாண்ணே தெம்பு. நம்ம பேச்சைக் கேட்டே மூணு மாசம் ஆச்சு. வரேண்ணே."

ஒரு மணிக்குப் பன்னிரண்டு பெட்டியும் விற்றுப்போயின. பேரம்கூடப் பேசாத பார்ட்டி. அன்றைக்கு அவர் அந்த மூணு மாடி ஜோக்கைச் சொல்லவில்லை.

இரண்டு மாதம் கழித்து அவள் கடைக்கே வந்தாள். கையில் நீள உறை.

"அண்ணே, இதை உங்களைத் தவிர யாருகிட்ட குடுத்துப் படிக்கச் சொல்றது?"

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரவைத்தார். நாலு பக்கக் கடிதம். ஒவ்வொரு பத்திக்கும் எண் போட்டிருந்தது. முதல் பத்தியைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அடைக்கலம் கிடையாது. பதினாலு நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம், இல்லாவிட்டால் நாட்டைவிட்டுப் போக வேண்டும். அதைச் சொன்னார். அவள் அழவில்லை. "மீதியையும் படிங்க" என்றாள்.

படித்தார். தீ விபத்து நடந்ததை ஒப்புக்கொள்கிறோம். சாட்சி சொன்னதை ஒப்புக்கொள்கிறோம். பூட்டுப் போட்டதையும் மறுக்கவில்லை. பதிமூன்றாம் பத்தி வரைக்கும் எல்லாம் அவள் பக்கம்தான். பதினாலாம் பத்தி: 'ஆனால் விண்ணப்பதாரர் தாம் திரும்பி வரப்போவதாகத் தம் மகளுக்கு வாக்களித்திருக்கிறார். உயிருக்கு அஞ்சி வெளியேறும் ஒருவர் இப்படிச் சொல்வது இயல்பாக இல்லை. அவருடைய அச்சம் உண்மையானது என்று நம்ப இயலவில்லை.'

பெட்டிக்கடைக்காரர் பதிமூன்றிலிருந்து பதினைந்துக்குத் தாண்டினார். ஒரு பத்தியைத் தாண்டுவது அவ்வளவு லேசாக இருக்கும் என்று அவருக்கே தெரியாது.

"எதனாலண்ணே இல்லன்னுட்டாங்க?"

"நம்புறதுக்குப் போதலன்னு எழுதியிருக்காங்கம்மா."

"நான் பொய் சொன்னேன்னா?"

"அப்படி இல்ல. பொதுவா எல்லாருக்கும் இப்படித்தான் எழுதுவாங்க."

"எதைப் பொய்ங்கிறாங்க? அதைச் சொல்லுங்க."

"பொதுவாத்தான்மா..." என்று இழுத்தார். "அப்பீல் இருக்கு. இலவச வக்கீல் ஆபீஸ் ஒண்ணு இருக்கு, நம்பர் தரேன். விட்டுடக் கூடாது."

அவள் கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்தாள். சுற்றி அடுக்கியிருந்த பெட்டிகளை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஒரு பெட்டி காட்டுங்கண்ணே."

"இப்ப எதுக்கும்மா பெட்டி? அதான் அப்பீல்..."

"எப்படியும் அனுப்பத்தான் போறாங்க. வரும்போது துணிப்பையோட வந்தேன். போறப்பவாவது மரியாதையா ஒரு பெட்டியோட போறேன். புள்ளைக்கு நாலு துணி வாங்கிட்டுப் போகணும்ல?"

சிவப்புப் பெட்டி ஒன்றைத் தொட்டுப் பார்த்து விலை கேட்டாள். அவர் வாயிலிருந்து விலைச்சீட்டில் எழுதியிருந்ததில் பாதி வந்தது. சும்மாவே கொடுத்துவிடத்தான் நினைத்தார்; ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது?

அவள் பெட்டியைச் சந்தேகமாகப் பார்த்தாள். "பாதி வெலைக்கா? ஏண்ணே, பூட்டு சரியில்லையா?"

"பூட்டெல்லாம் நல்லாத்தான் இருக்கு."

கேட்காமலே விலையை இறக்குகிற கடைக்காரனிடம் சரக்கில் பழுது இருக்கும் என்று யாருக்கும் தெரியும். அவள் ஜிப்பை மூன்று தரம் இழுத்துப் பார்த்தாள், சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தாள், பூட்டைத் திறந்து மூடிப் பார்த்தாள். பெட்டியில் பழுதே இல்லை. எடுத்துக்கொண்டு, "வரேண்ணே" என்று சொல்லிவிட்டு உருட்டிக்கொண்டு போனாள். நடைபாதையில் அந்தச் சக்கரச் சத்தம் தெருமுனை திரும்புகிறவரை கேட்டது.

இரண்டாம் நாள் மறுபடி வந்தாள்.

"அண்ணே, நாலு பேர் வந்தாங்கன்னு சொன்னேன்ல? யோசிச்சுப் பாத்தா மூணு பேரா இருக்குமோன்னு இருக்கு. அதைக் கண்டுபிடிச்சிருப்பாங்களோ?"

"அதெல்லாம் இல்லம்மா."

ஐந்தாம் நாளும் வந்தாள். "இரும்புக் கதவுன்னு சொன்னேன். தகரக் கதவுன்னு சொல்லியிருக்கணுமோ? மேல தகரம்தாண்ணே அடிச்சிருந்துச்சு."

"அது காரணம் இல்லம்மா."

"அப்போ எதுதாண்ணே காரணம்?"

அவர் ஒரு பெட்டியின் மேலிருந்த தூசியைத் துடைத்தார். தூசி ஒன்றும் இல்லை.

எட்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். எதிரில் மனைவி.

"சோத்துல என்ன எழுதியிருக்கு, அவ்வளவு நேரமா படிக்கிறீங்க?"

"பசிக்கல."

"சிவப்புப் பெட்டியைப் பாதி விலைக்குக் குடுத்தீங்களாமே. சொந்தத் தம்பி கேட்டப்பவே சீட்டைக் காட்டின ஆளு நீங்க. உடம்புக்கு ஏதாவது பண்ணுதா?"

சொல்லிவிட்டார். வாயைத் திறந்ததும் எல்லாம் கொட்டிவிட்டது. மனைவி பாதிச் சாப்பாட்டில் கையை வைத்துக்கொண்டே கேட்டாள்.

"போயிட்டு வரேன்னு சொன்னதுக்கா அவளை அனுப்புறாங்க? அது என்ன வாக்குறுதியா? கடைக்குப் போனாலும் அதான், கப்பல் ஏறினாலும் அதான்."

"அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அவங்களுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்ல? அதுக்குத்தானே உங்களை உக்கார வச்சிருக்கு?" கொஞ்சம் யோசித்தாள். "அவ வேற ஒண்ணும் சொல்லலையா?"

"'வேற என்ன சொல்ல'ன்னு சொன்னா."

"அதைச் சொன்னீங்களா?"

அவர் தண்ணீர் குடித்தார்.

"ஆக, துணிக்கடைக்காரன் முழக்கோல்ல கட்டை விரலை வச்சு அளக்கிற மாதிரி பாதியை அமுக்கிட்டு வந்துட்டீங்க. கடையில ஒரு நாளும் அளவுல கையை வச்சதில்ல. போயும் போயும் அவ வார்த்தையிலயா வைக்கணும்?"

"சொன்னா அட்டை போயிடும்மா."

"போகட்டுமே. அந்தப் படத்துல உங்களைப் பாக்கவும் சகிக்கல." எழுந்து கையைக் கழுவிக்கொண்டே திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்: "அட்டை போனா கடை இருக்கு. அவ போனா அங்க பூட்டு இருக்கு."

பதினோராம் நாள் இலவச வக்கீல் ஆபீசில் அவளுக்கு நேரம் கொடுத்திருந்தார்கள். அவளே வந்து கேட்டாள்: "நீங்களே வாங்கண்ணே. உங்க வாய்தான் எனக்குப் பழக்கம்." இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்துக்கொண்டுதான் போனார். உட்கார்ந்ததும் சொல்லலாம் என்று நினைத்தார். உட்கார்ந்ததும், வக்கீலம்மா முதலில் பேசட்டும் என்று நினைத்தார். விலையை முதலில் சொல்லாமல் எதிராளி வாயைப் பார்க்கிற வியாபாரி புத்தி இருக்கிறதே, அது அங்கேயும் கூடவே வந்துவிட்டது.

வக்கீலம்மா இளம்பெண். மேஜை முழுக்கக் கோப்பு. கடிதத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு நேராக ஓர் இடத்தில் விரலை வைத்தாள்.

"எல்லாமே இந்தப் பதினாலாம் பத்தியில்தான் நிற்கிறது. இதை மட்டும் அவருக்குப் படித்துச் சொல்லுங்கள்."

பெட்டிக்கடைக்காரர் படித்துச் சொன்னார். ஒவ்வொரு வார்த்தையாக.

தையல்காரப் பெண் கடிதத்தைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்தாள். "இதை அன்னிக்கு நீங்க படிக்கலையே."

"இல்ல."

"நான் எங்கண்ணே வாக்குக் குடுத்தேன்? எப்போ குடுத்தேன்?"

வக்கீலம்மா குறுக்கே வந்தாள். "மகளிடம் என்ன சொன்னார் என்று மறுபடி கேளுங்கள்."

கேட்டார். அவள் அதே இரண்டு வாக்கியத்தைச் சொன்னாள். "போயிட்டு வரேன்னு சொன்னேன். வேற என்ன சொல்ல?" இந்தத் தரம் இரண்டாவது வாக்கியத்தை அவரிடமே திருப்பிக் கேட்கிற மாதிரி இருந்தது.

அவர் இரண்டையும் சொன்னார். சொல்லிவிட்டு, நிறுத்தாமல், அன்றைக்கு முதலாவதை மட்டும் சொன்னதையும், அதிகாரி கோடு போட்டதைத் தலைகீழாகப் படித்ததையும், வாயை மூடிக்கொண்டதையும், பன்னிரண்டு பெட்டியையும், கடிதத்தில் ஒரு பத்தியைத் தாண்டியதையும் வக்கீலம்மாவிடம் சொன்னார். பிறகு அவளுக்கும் அதையே தமிழில் சொன்னார். ஒரே குற்றத்தை இரண்டு மொழியில் ஒப்புக்கொள்வது கஷ்டம்தான். தமிழில் சொல்லும்போதுதான் ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

"ஒலிப்பதிவு இருக்குமே" என்றாள் வக்கீலம்மா. பேனாவை எடுத்தாள். "இதை எழுதிக் கையெழுத்துப் போடுவீர்களா? மன்றத்தில் வந்தும் சொல்ல வேண்டும். உங்கள் அட்டை போய்விடும், தெரியுமில்லையா?"

"தெரியும்" என்றார். பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. தையல்காரப் பெண் எழுந்து ஜன்னலோரம் போய் நின்றுகொண்டிருந்தாள்.

மேல்முறையீட்டு மன்றத்தில் நீதிபதி அம்மாளுக்குக் கடுமையான ஜலதோஷம். மூக்கைத் துடைத்துக்கொண்டே கேட்டார்கள். பெட்டிக்கடைக்காரர் இப்போது சாட்சி. மொழிபெயர்க்க வேறொரு பெண் வந்திருந்தாள்; இவர் அந்த ஊர் மொழியில் சொல்லச் சொல்ல, அவள் தையல்காரப் பெண்ணின் காதருகே தமிழில் சொல்லிக்கொண்டிருந்தாள். தன் வார்த்தைகள் இன்னொருத்தி வாயில் தமிழாவதை அவர் ஒரு காதால் கேட்டார். எதையும் விடாமல்தான் சொன்னாள்.

"'திரும்பி வருவேன்' என்பது உங்கள் மொழியில் விடைபெறும் சொல் என்கிறீர்கள். அதற்கு என்ன அத்தாட்சி?" என்றார் அரசாங்க வக்கீல்.

"ஐயா, நான் கடை வச்சிருக்கேன். வாசல்ல நின்னு 'வரோம்'னு சொல்லிட்டுப் போனவங்க எல்லாரும் வந்திருந்தா நான் மூணு மாடி கட்டியிருப்பேன். இன்னும் ஒரே மாடிதான்."

நீதிபதி அம்மாள் சிரித்தார்கள்; சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

அரசாங்க வக்கீல் சிரிக்கவில்லை. "நீங்கள் இந்த நாட்டுக்குப் புறப்பட்டபோது உங்கள் தாயாரிடம் என்ன சொன்னீர்கள்?"

இதை அவர் எதிர்பார்க்கவில்லை. "போயிட்டு வரேன்னுதான்."

"எத்தனை வருடம் ஆயிற்று?"

"இருபத்தாறு."

"திரும்பிப் போனீர்களா?"

"அவங்க தவறினப்பகூடப் போகல. அப்பத்தான் கடை திறந்திருந்தேன்."

அரசாங்க வக்கீல் தான் கேட்ட கேள்வி எந்தப் பக்கம் போய் விழுந்தது என்று தெரிந்துகொண்டு உட்கார்ந்துவிட்டார்.

நீதிபதி அம்மாள் கேட்டார்கள்: "அப்படியானால், திரும்பி வரமாட்டேன் என்பதை உங்கள் மொழியில் எப்படிச் சொல்வீர்கள்?"

"சொல்லவே மாட்டோம்மா. வெறுமனே 'போறேன்'னு ஒரு வார்த்தை இருக்கு. ஆனா அதை யாரும் வாசல்ல நின்னு சொல்ல மாட்டாங்க. சொன்னா, கோபம்னு அர்த்தம். இல்லன்னா, இனிமே உனக்கும் எனக்கும் ஒண்ணும் இல்லன்னு அர்த்தம். அதை எட்டு வயசுப் புள்ளகிட்ட எந்தத் தாயும் சொல்ல மாட்டா." தொண்டையைச் செருமிக்கொண்டார். "அதனாலதான் அவங்க 'வேற என்ன சொல்ல'ன்னு கேட்டாங்க. நான்தான் அதை உங்க ஆபீசருக்குச் சொல்லல."

அவருடைய முதுகுக்குப் பின்னால் மொழிபெயர்க்க வந்தவளின் தமிழ் ஒரு விநாடி தாமதித்து வந்து முடிந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

அட்டையை அன்றைக்கே வாசலில் வாங்கிக்கொண்டார்கள். மூன்று வாரம் கழித்து வக்கீலம்மா போன் செய்தாள்: ஜெயித்துவிட்டோம், அவள் இங்கேயே இருக்கலாம், மகளை வரவழைக்கவும் மனு போட்டாயிற்று. பெட்டிக்கடைக்காரர் மனைவியிடம் ஓடிப்போய்ச் சொன்னார். அன்றைக்கு இரண்டு தட்டு சாப்பிட்டார்.

நாலு நாள் கழித்து, தெருமுனையில் சக்கரச் சத்தம் கேட்டது. அந்தச் சக்கரம் எந்தக் கம்பெனி என்றுகூட அவருக்குச் சத்தத்திலேயே தெரியும். சிவப்புப் பெட்டி. உருட்டிக்கொண்டு வந்து மேஜைக்கு முன்னால் நிறுத்தினாள். கைப்பிடியில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை.

"இது எனக்குத் தேவைப்படல" என்றாள்.

"கேள்விப்பட்டேம்மா. ரொம்ப சந்தோஷம். பெட்டி இருக்கட்டுமே, புள்ள வரும்போது..."

"அவ துணிப்பையோட வருவா. குடுத்த காசைக் குடுங்க."

முழு விலையையும் எடுத்து நீட்டினார். அவள் தான் கொடுத்த பாதியை மட்டும் பிரித்து எடுத்துக்கொண்டு மீதியை மேஜையில் வைத்தாள்.

"மன்னிச்சிடும்மா" என்றார். அந்த வார்த்தையை இரண்டு மாதமாக ஒத்திகை பார்த்துவைத்திருந்தார். வரும்போது சின்னதாக வந்தது.

"மன்றத்துல வந்து சொன்னீங்க. அதை நான் இல்லன்னு சொல்லல. அதுல நீங்க எதையும் அமுக்கல." அவள் பெட்டியின் பூட்டைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "ஆனா பதினொரு நாள் என் வாயையே நான் சந்தேகப்பட்டேன். நாலு பேரா, மூணு பேரா. இரும்பா, தகரமா. கடைசியில, அந்தப் பூட்டைப் பாத்தேனா இல்லையான்னுகூடத் தோண ஆரம்பிச்சிடுச்சு. அந்த முதலாளியும் விசாரணை முழுக்க இதைத்தான் எனக்குச் செய்யப் பாத்தான். அவனால முடியல."

பெட்டிக்கடைக்காரர் பெட்டியின் கைப்பிடியைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

அவள் வாசலுக்குப் போனாள். வாசலில் ஒரு விநாடி நின்றாள். இருபத்தாறு வருஷமாக வாசலில் நிற்கிறவர்களின் வாயைப் பார்த்தே பிழைத்தவர், அவள் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார். பொய்யாகவாவது சொல்லமாட்டாளா என்று இருந்தது. 'பாத்துட்டு வரோம்' என்று சொல்லிவிட்டு ஓடிப்போன ஆயிரம் பேரில் ஒருத்தியாக இருந்துவிட்டுப் போகட்டுமே.

அவள் திரும்பி அவரைப் பார்த்துச் சொன்னாள். ஒரே வார்த்தை. கூட "அண்ணே" இல்லை. இறங்கி நடந்தாள்.

உள்ளேயிருந்து மனைவி ஈரக்கையோடு வந்தாள். "அவ குரல் மாதிரி கேட்டுச்சே. போயிட்டாளா? இந்தப் பெட்டியை ஏன் இங்கயே வச்சிருக்கீங்க, மேல ஏத்தலையா?"

அவர் பெட்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றிருந்தார்.

"என்னங்க, உங்களைத்தான். என்ன சொல்லிட்டுப் போனா?"

"போறேன்னு சொன்னா" என்றார். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.